பார்த்தெழுதிய முகம்

நம்மவர் வீடுகளுள் எந்த வீட்டிற்குச் சென்றாலும் கூடத்துச் சுவரிலே ஒரு படத்தைக் காணலாம். சந்தனப் பொட்டும் மாலையுமாக அதில் ஒரு முதியவரோ முதியவளோ அமர்ந்திருப்பார். ஊரை விட்டு வந்தபோது பாத்திரம் பண்டங்களோடு நாம் எடுத்து வந்த செல்வங்களுள் அதுவும் ஒன்று. ஆனால் பல வீடுகளில் அத்தகைய படம் ஒன்றுகூட இல்லை என்பதும் உண்மையே. ஏதோ ஒரு விசேஷத்தில் பலரோடு சேர்ந்து எடுத்த புகைப்படத்தில், கட்டைவிரல் நகத்தளவு தெரியும் முகமே அவர்களுடைய முன்னோரின் ஒரே அடையாளம்.

நம் தாயாரின் தாயார் அவ்வாறுதான் நம்மிடம் எஞ்சியிருந்தார். 1968-ஆம் ஆண்டு, திருநெல்வேலிச் சீமையில் நம் சொந்த ஊரில், நமக்குக் காது குத்திய அன்று எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் அது. இரண்டாம் வரிசையில் பாட்டியார் அமர்ந்திருக்கிறார். படம் ஆண்டுதோறும் வெளுத்துக்கொண்டே வந்தது. அலுவலிலிருந்து ஓய்வு பெற்ற பின், பெங்களூரில் ஓர் ஓவிய ஆசிரியரிடம் ஞாயிறுதோறும் எண்ணெய் வண்ணம் கற்கத் தொடங்கியபோது நம் மனத்தில் இருந்த எண்ணம் ஒன்றே ஒன்றுதான்: அந்த முகத்தைப் பெரிதாக எழுதி, நம் அன்னையார் கண்ணால் காணும்படி சுவரில் மாட்டிவிட வேண்டும். அன்னையாருக்கு வயது 83. பார்வையும் மங்கி வருகிறது. ஆகவே நமக்குக் கால அவகாசம் அதிகமில்லை.

ஆர்வ மிகுதியால் இரண்டே மாதத்தில் படத்தை எழுதியும் முடித்தோம். அன்னையார் அதை நெடுநேரம் பார்த்தார். பின்பு, "நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் இது யார்?" என்றார். அவர் கேலி செய்யவில்லை, உண்மையாகவே கேட்டார். அதுதான் நம்மை வருத்தியது. சுண்ணாம்பு பூசியது போன்ற வெளிறிய மேனி, மருண்டு விழிக்கும் கண்கள், துடைப்பக் குச்சிகளை அடுக்கினாற்போன்ற தலைமயிர்: அது யாருமே அல்ல!

ஆசிரியரிடம் படத்தைக் காட்டினோம். அவர் குறை கூறவில்லை. "நீங்கள் மேல்வரிச் சட்டம் இல்லாமல் எழுதியிருக்கிறீர்கள்" என்றார்.

மேல்வரிச் சட்டம்

திண்ணைப் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பெரியோர் சொல்லக் கேட்டவர்களுக்கு இச்சொல் புதிதன்று. ஆசிரியர் மேலே ஒரு வரி எழுதிக் கொடுப்பார். மாணாக்கன் அதைப் பார்த்து, கீழே மறுபடியும் மறுபடியும் எழுதுவான். கை தேறிய பின்பே சொந்த வாக்கியம். சங்கீதம் பயிலும் குழந்தையும் குரு பாடியவாறே வர்ணத்தைப் பாடிப் பாடித்தான் பின்னால் கற்பனை ஸ்வரத்திற்கு வருகிறது. அதைத் திருட்டு என்று எவரும் சொல்வதில்லை. ஓவியத்தில் மட்டும் 'பார்த்து எழுதுவது' இழிவு என்ற எண்ணம் நம்மிடையே எப்படியோ பரவிவிட்டது.

மேனாட்டு ஓவியப் பள்ளிகளும் இவ்வழியையே பின்பற்றின. 19-ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரில் ஓவியம் பயிலச் சென்ற மாணவர் முதலில் அச்சிட்ட சித்திரங்களைப் பார்த்து வரைவர். அடுத்துச் சுண்ணச் சிலைகளைப் பார்த்து வரைவர். அதன் பிறகே உயிருள்ள மனிதரை எதிரே அமர்த்தி எழுத அனுமதி கிடைக்கும். சார்ல் பார்க், ழெரோம் என்னும் இருவரும் இதற்கென 1866 முதல் 1871 வரை ஒரு சித்திரப் பாடத் தொகுதியை வெளியிட்டனர். வின்சென்ட் வான்கோ 1880-இல், தம் 27-ஆவது வயதில் ஓவியராவது என்று துணிந்தபோது, அத்தொகுதியிலுள்ள படங்களைத்தான் ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்து வரைந்தார். அவருக்கும் நெடுங்காலம் முன்னரே, புகழின் உச்சியில் இருந்த ரூபென்ஸ், 1628-இல் மாட்ரிட் சென்றபோது அங்கிருந்த தித்சியானோவின் ஓவியங்களை அமர்ந்து நகல் எழுதினார். அப்போது அவருக்கு வயது 50-ஐக் கடந்திருந்தது. கற்பதற்கு வயதில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

நம் நாட்டிலே எண்ணெய் வண்ணத்திற்குப் பெருமை தேடித்தந்த ராஜா ரவிவர்மாவின் கதை இன்னும் சுவையானது. 1848-இல் கிளிமானூரில் பிறந்த அவர், 14 வயதில் திருவனந்தபுரம் அரண்மனைக்கு வந்தார். அங்கே எண்ணெய் வண்ணத்தில் வல்லவராயிருந்த இராமசாமி நாயக்கர் தம் வித்தையைக் கற்றுத்தர இசையவில்லை என்றும், அவரிடம் பயின்ற ஆறுமுகம் பிள்ளை என்பவரே இரவு வேளைகளில் வந்து சொல்லிக் கொடுத்தார் என்றும் ரவிவர்மாவின் வரலாற்றை எழுதியோர் கூறுவர். 1868-இல் தியோடர் ஜென்சன் என்னும் ஐரோப்பிய ஓவியர் அரண்மனைக்கு வந்தபோதும், தாம் எழுதுவதை அருகிருந்து பார்க்க மட்டுமே அவர் அனுமதித்தார். பார்த்தே கற்றார் ரவிவர்மா. ஐந்தே ஆண்டுகளில், 1873-இல், சென்னைக் கண்காட்சியில் தங்கப் பதக்கம் பெற்றார்.

ஆகவே நாம் பார்த்தெழுத வேண்டிய மேல்வரியும் ரவிவர்மாவினுடையதாகவே இருக்கட்டும் என்றார் ஆசிரியர். பெங்களூரில் இருப்போருக்கு அதில் ஒரு வசதியும் உண்டு. மைசூர் ஜகன்மோகன் அரண்மனையில் 1915 முதல் நடைபெற்றுவரும் சித்திரசாலையில், பாரதத்தின் பல பகுதிகளையும் சேர்ந்த பதினொரு பெண்கள் இசைக்குழுவாகக் கூடியிருக்கும் அவருடைய புகழ்பெற்ற ஓவியம் இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலேறிச் சென்று பார்த்தோம். வீணையை ஏந்தி அமர்ந்திருக்கும் பெண்ணின் முகத்தைத் தேர்ந்துகொண்டோம். அங்கே நாம் செய்ததெல்லாம் பார்த்ததும் குறித்துக்கொண்டதுமே. எழுதியது வீட்டில், நல்ல வண்ண அச்சுப் பிரதி ஒன்றை எதிரே வைத்துக்கொண்டு.

எட்டு வாரப் பாடம்

முதல் வாரம் முழுவதும் வண்ணத்தையே தொடவில்லை. பிரதியின் மேல் கண்ணாடித்தாளை வைத்து அதில் சதுரக் கட்டங்கள் போட்டோம். 12 அங்குல அகலமும் 16 அங்குல உயரமுமுள்ள கான்வாஸிலும் அதே எண்ணிக்கையில் கட்டங்கள் போட்டோம். ஒவ்வொரு கட்டத்திலும் கோடு எங்கே நுழைகிறது, எங்கே வெளியேறுகிறது என்று பார்த்து எழுதினோம். இது கணக்குப் பிள்ளையின் வேலையைப் போல் தோன்றும். ஆனால் நம் கண் எவ்வளவு பொய் சொல்லுகிறது என்பதை இக்கட்டங்களே காட்டிக் கொடுத்தன. கண்கள் நெற்றியின் அருகே இருப்பதாகவே நாம் எழுதி வந்தோம். அவை தலையின் உச்சிக்கும் மோவாய்க்கும் நடுவில் இருக்கின்றன!

இரண்டாம் வாரம் அம்பர் என்னும் பழுப்பு வண்ணம் ஒன்றே. அதை டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்து, இருள் உள்ள இடங்களை மட்டும் தீட்டினோம். ஒளி உள்ள இடங்களைத் துணியால் துடைத்து எடுத்தோம். கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்க்குமாறு ஆசிரியர் பன்முறை வற்புறுத்துவார். அவ்வாறு பார்த்தால் இமை மயிர், மூக்குத்தி, உதட்டு வரி எல்லாம் மறைந்து, முகம் ஒளி, இடைச்சாயை, இருள் என்னும் மூன்றே பகுதிகளாக நிற்கும். இம்மூன்றும் சரியாக அமைந்துவிட்டால், கண்ணும் மூக்கும் எழுதுமுன்பே ஆள் இன்னாரென்று தெரிந்துவிடும். தொலைவில் நடந்து வருபவரை முகம் தெரியாமலே அடையாளம் கண்டுகொள்கிறோம் அல்லவா, அதுபோல.

அடிப்படை உலர்ந்த பிறகே வண்ணம். அதற்கொரு விதி உண்டு. அடியில் எண்ணெய் குறைவாகவும், மேலே செல்லச் செல்ல எண்ணெய் கூடுதலாகவும் இருத்தல் வேண்டும். ஆளிவிதை எண்ணெய் தண்ணீரைப்போல் ஆவியாகிக் காய்வதில்லை; காற்றிலுள்ள பிராணவாயுவை ஏற்று மெல்ல இறுகுகிறது. எண்ணெய் மிகுந்த அடுக்கு கீழே இருந்தால் மேலடுக்கு முந்திக் காய்ந்து, பின்னர் வெடிப்பு விடும். நம் முதற் படத்தின் கன்னத்தில் கோடை கால ஏரியைப்போல் பிளவு கண்டதன் காரணம் அப்போதுதான் விளங்கிற்று.

தட்டில் வைத்துக்கொண்ட வண்ணங்கள் ஆறே: டைட்டேனியம் வெள்ளை, மஞ்சட் காவி, வெர்மிலியன் போன்ற ஒரு சிவப்பு, பர்ன்ட் சியன்னா, ரா அம்பர், ஐவரி கறுப்பு. மேனி நிறம் என்று ஒரு குழாய் வண்ணம் கடைகளில் கிடைக்கிறது. அதை வாங்க வேண்டாம். அது எந்த மனிதருடைய மேனியும் அன்று. நம் மேனி நிச்சயமாக அன்று. நம்மவர் நிறத்திற்குப் பர்ன்ட் சியன்னாவும் மஞ்சட் காவியுமே ஆதாரம். வெளிச்சம் வேண்டுமிடத்தில் வெள்ளையை அள்ளிச் சேர்த்ததுதான் நாம் முன்பு செய்த பிழை. வெள்ளை நிறத்தை வெளிச்சமாக்குவதோடு குளிர்ச்சியாகவும் ஆக்கிவிடும். மேனி உயிரிழந்து சுண்ணாம்பாகும். வெள்ளை சேர்க்கும்போதே சிறிது காவியும் சேர்க்க வேண்டும். இருளுக்குக் கறுப்பைச் சேர்த்தால் கரி படிந்தாற்போலிருக்கும். அம்பரும் சியன்னாவும் மெல்லியதாய், அடிப்படை ஊடே தெரியும்படி தீட்டினால் இருளிலும் இரத்த ஓட்டம் தெரியும்.

கண்ணின் வெள்ளை வெள்ளையே அல்ல என்பதை அந்த வீணைப் பெண்ணிடம் கற்றோம். இமையின் நிழல் அதன்மேல் விழுவதால் அது சாம்பல் கலந்த பழுப்பு. அதைச் சுத்த வெள்ளையாக எழுதியதனால்தான் நம் பாட்டியார் பேயைக் கண்டவர்போல் விழித்தார். உதட்டைச் சுற்றிக் கோடு இல்லை. ஓரங்கள் கன்னத்தில் கரைகின்றன. தலைமயிர் ஒரே இருட் பரப்பு. அதன்மேல் ஒளி படும் இடங்களில் இரண்டு மூன்று இழைகளே போதும். மோவாயின் அடியில் இருளுக்குள்ளேயே, துணியில் பட்டுத் திரும்பிய வெளிச்சம் மெல்லத் தெரிகிறது. அதை எழுதிய அன்றுதான் தலை கழுத்தைவிட்டு முன்னே வந்து நின்றது. அன்றைய மகிழ்ச்சியை இன்னதென்று சொல்ல முடியவில்லை.

எட்டாவது வார முடிவில் நகல் முடிந்தது. மூக்கு சற்றே நீளம். இடது கண் சற்றுத் தாழ்வு. கண்ணாடியில் திருப்பிப் பார்த்தபோது இரண்டு பிழைகளும் பளிச்சென்று தெரிந்தன. இருந்தாலும் அது ஒரு முகமாக இருந்தது.

மேல்வரியை விட்ட இடம்

மறுபடியும் பாட்டியாரின் படத்தைக் கையில் எடுத்தோம். இப்போதுதான் அதில் என்னென்ன இல்லை என்பது நமக்குத் தெரிந்தது. நடுப்பகல் வெயிலில் எடுத்த படமாதலால் முகத்தில் ஒளியும் இருளும் பிரியவில்லை. நிறமோ அறவே இல்லை. காதுப் பக்கம் புள்ளிகளாகச் சிதைந்திருந்தது. முன்பு இவற்றையெல்லாம் நாம் அறியவேயில்லை. இல்லாதவற்றைக் கற்பனையால் நிரப்பிவிட்டிருந்தோம்.

ஒளிக்கு ஆசிரியர் ஒரு வழி சொன்னார். அன்னையாரையே சன்னலோரம் அமர்த்தி, கன்ன எலும்பிலும் கண் குழியிலும் வெளிச்சம் எப்படி விழுகிறதென்று பார்த்து எழுதச் சொன்னார். தாயின் எலும்பு மகளிடம் இருக்குமல்லவா? அன்னையார் நான்கு நாள் காலை வேளைகளில் பொறுமையாக அமர்ந்தார். நிறத்திற்கு என்ன செய்வதென்று நாம் திகைத்தபோது, அவரே தம் முன்கையை வண்ணத்தட்டின் அருகில் நீட்டி, "இதைவிட இன்னும் கறுப்பு. வயலில் நின்ற கறுப்பு" என்றார். சியன்னாவில் அம்பரைச் சிறிது சிறிதாகச் சேர்த்துக் கலவைக் கத்தியால் எடுத்துக் காட்டினோம். "இன்னும்… இன்னும்… ஆம், இதுதான்" என்று ஏழாவது கலவையில் நிறுத்தினார். அந்த நிறத்தைக் கண்ணால் கண்டவர் இன்று உலகில் அவர் ஒருவரே. அதை அந்தக் கணத்தில்தான் நினைத்தோம். கை சற்று நடுங்கிற்று.

அப்போது ஊரிலிருந்து அத்தை வந்திருந்தார். பாட்டியாரை அவர் பார்த்ததில்லை. நகலையும் புதுப் படத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இந்த வீணைக்காரி எவ்வளவு லட்சணமாயிருக்கிறாள்! பாட்டியையும் கொஞ்சம் சிவப்பாக எழுதினால் என்ன? காதில் பாம்படம் போட்டுவிட்டால் இன்னும் களையாக இருக்குமே" என்றார். உள்ளதைச் சொல்லிவிட வேண்டும்: நம் கையும் அப்படித்தான் இழுத்தது. ரவிவர்மா எழுதிய பெண்களுள் பெரும்பாலோர் வெளுத்த மேனியர், நகை நிறைந்தவர். எட்டு வாரம் அவர் பின்னே சென்ற தூரிகை, கேளாமலே அந்த வழியில் திரும்பிற்று. மேல்வரிச் சட்டத்தின் ஆபத்தும் அதுவே. எழுத்தைக் கற்றுக்கொண்டதோடு நில்லாமல், அவர் எழுதிய வாக்கியத்தையே நாமும் எழுதிவிடுகிறோம்.

அன்னையாரிடம் கேட்டோம், பாட்டியார் பாம்படம் அணிந்திருந்தாரா என்று.

"அணிந்திருந்தார். இந்தப் படம் எடுத்தபோது இல்லை, வெறுங்காதுதான்" என்றார். சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு சொன்னார்: "உன் அப்பாவுக்கு இங்கே ஆலையில் வேலை கிடைத்தபோது கையில் காசில்லை. இரண்டு பேருக்கும் ரயில் செலவு, வீட்டு முன்பணம், முதல் மாதச் சாமான். அம்மா காதிலிருந்ததைக் கழற்றிக் கொடுத்தார். திருப்பித் தருகிறோம் என்று சொல்லி வாங்கி வந்தோம். திருப்பிக் கொடுப்பதற்குள் அவர் போய்விட்டார். தொங்கிய காது தொங்கியபடியே இருந்தது. அதை மூடி மறைத்து எழுதாதே."

இந்த ஊரில் நாம் பிறந்தோம், படித்தோம், வேலை பார்த்தோம், ஓய்வும் பெற்றோம். இங்கு நாம் வேரூன்றியது எதை விற்று என்பது, 58 ஆண்டுகளாக நமக்குத் தெரியாது. நாமும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. ஒரு காதை எப்படி எழுதுவது என்று கேட்க நேர்ந்ததனால் தெரிந்தது.

வெறுங்காதையே எழுதினோம். நீண்டு தொங்கும் காதுமடலின் துளையை எழுதுவதற்கு ரவிவர்மாவின் ஓவியத்தில் மேல்வரி இல்லை. ஆனாலும் இருளை மெல்லியதாகவும் ஒளியைத் தடிப்பாகவும் வைக்க வேண்டும், ஓரத்தைக் கழுத்தில் கரைக்க வேண்டும் என்பதை அவரிடம் கற்றிருந்தோமே, அது கைகொடுத்தது. மூன்று மாதம் ஆயிற்று. வாய் இன்னும் சரியாக அமையவில்லை. அன்னையார் படத்தின் மிக அருகில் வந்து, கண்ணை இடுக்கிப் பார்த்தார். "வாய் அம்மாவுடையது இல்லை. மற்றதெல்லாம் அம்மாதான்" என்றார். அதற்குமேல் நாம் என்ன வேண்டுவது?

கற்க விரும்பும் அன்பர்களுக்கு

நமது சங்கத்து அன்பர்களும் சகோதரிகளும் இம்முயற்சியில் இறங்க விரும்பினால், நம் அனுபவத்தில் கண்ட சிலவற்றைச் சொல்லி முடிக்கிறோம்.

முதலாவது, நகலை நகல் என்றே சொல்லுதல் வேண்டும். பாரிஸ் லூவ்ர் காட்சிசாலையில் இன்றும் அனுமதி பெற்றுப் பலர் நகல் எழுதுகின்றனர். ஆனால் நகல் மூலப்படத்தின் அளவில் இருத்தல் கூடாது, மூல ஓவியரின் கையொப்பத்தை இடுதல் கூடாது என்பது அங்கே விதி. அது நமக்கும் நல்ல விதியே. நம் நகலின் பின்புறத்தில் 'ரவிவர்மாவின் ஓவியத்தைப் பார்த்து எழுதியது' என்று ஆண்டோடு குறித்திருக்கிறோம். நம் நாட்டுச் சட்டப்படி ஓவியரின் மறைவுக்குப் பின் 60 ஆண்டுகள் அவருடைய படைப்புக்கு உரிமைப் பாதுகாப்பு உண்டு. ரவிவர்மா 1906-இல் மறைந்தவராதலின் அவர் படங்களை எழுதத் தடையில்லை. அண்மைக்கால ஓவியர் விஷயத்தில் கவனம் வேண்டும்.

இரண்டாவது, அடுக்குமாடி வீடுகளில் இருப்போர் குறித்துக்கொள்ள வேண்டியது: ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணிகளைச் சுருட்டிக் குவித்து வைத்தல் கூடாது. எண்ணெய் இறுகும்போது உண்டாகும் சூட்டினால் அவை தாமாகவே தீப்பற்றக்கூடும். தண்ணீரில் நனைத்துப் பிறகே அப்புறப்படுத்துக. டர்பன்டைனைத் திறந்து வைத்து வேலை செய்யும்போது சன்னலும் திறந்திருக்கட்டும். படம் முடிந்ததும் வார்னிஷ் பூச அவசரப்பட வேண்டாம். ஆறு மாதமேனும் பொறுத்திருங்கள்.

மூன்றாவதுதான் தலையாயது. ஓவியம் கற்பதற்கு ஆண்டுகள் ஆகும், அதற்குப் பொறுத்திருக்கலாம். ஆனால் படத்தில் இருப்போரைக் கண்ணால் கண்டவர்கள் நமக்காகப் பொறுத்திருக்க மாட்டார்கள். இன்று மாலையே உங்கள் வீட்டுப் பழைய படத்தை எடுத்துச் சென்று பெரியவர்களின் அருகில் அமருங்கள். நிறம் என்ன, புடவை என்ன வண்ணம், மூக்குத்தி எந்தப் பக்கம், காதில் என்ன இருந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் படத்தின் பின்புறத்தில் எழுதிவையுங்கள். எழுதப் போகிறவர் நீங்களாக இல்லாவிட்டாலும், உங்கள் பேரப் பிள்ளைகளுள் ஒருவர் ஒரு நாள் தூரிகை எடுக்கக்கூடும். அவருக்கு அந்தக் குறிப்பே மேல்வரிச் சட்டமாக இருக்கும்.